காகிதமும் கல்லும்

மானபூம் என்று ஒரு மாவட்டம் இருந்தது. 1833இல் கம்பெனி ஆட்சியார் வகுத்த அம்மாவட்டம், பின்னாளில் பீகார் மாகாணத்தின் பகுதியாய் இருந்து, மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது இரண்டாகப் பிரிந்தது. வங்கமொழி பேசுவோர் மிகுந்த புருலியாப் பகுதி 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதியன்று மேற்கு வங்கத்தோடு இணைந்தது. அதே தேதியில்தான் தெற்கே கன்னியாகுமரி மாவட்டம் நம் மாநிலத்தோடு சேர்ந்தது என்பதை நேயர்கள் அறிவர். எல்லை மாற்றத்துக்காக அங்கும் மக்கள் போராடினார்கள், சிறை சென்றார்கள், அவ்வாண்டு ஏப்ரலில் பாக்பிரா என்னும் சிற்றூரிலிருந்து கல்கத்தா வரை நடந்தே சென்றார்கள்.

அந்தப் பாக்பிராவில் ஒரு கற்சிலை நிற்கிறது. கரிய கல்லில் வடித்த சமணத் தீர்த்தங்கரர் உருவம் அது. ஆளுயரத்தையும் விஞ்சி நிற்பது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது என்பர். சமணம் அவ்வட்டாரத்தில் மங்கிய பிறகும் ஊரார் அச்சிலையைக் கைவிடவில்லை. பைரவர் என்று பெயர் சூட்டிப் பூவும் நீரும் சொரிந்து வருகின்றனர். தாமோதர நதியின் கரையிலும் காங்சாவதியின் கரையிலும் இவ்வாறு எழுந்த கற்கோயில்களும் கற்சிலைகளும் பல.

இதே மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், அயோத்தியா என்று பெயர்கொண்ட மலைத்தொடரின் அடிவாரத்தில், பாக்முண்டிக்கு அருகே, சரிதா என்று ஓர் ஊர் உண்டு. நம் செவிக்குப் பெண்பெயர் போல ஒலிக்கும் அவ்வூரில் வீட்டுத் திண்ணைதோறும் முகங்கள் காய்ந்துகொண்டிருக்கும். துர்க்கையின் முகம், சிவனின் முகம், விநாயகரின் முகம், மகிடாசுரனின் முகம், சிங்கத்தின் முகம். எல்லாம் காகிதத்தால் ஆனவை. சௌ என்னும் ஆடற்கலைக்குரிய முகமூடிகள் இவை.

கல்லில் முகம் செதுக்கும் கலை அப்பகுதியில் நின்றுபோய் நூற்றாண்டுகள் பல ஆயின. காகிதத்தில் முகம் சமைக்கும் கலை நிற்கவில்லை. இவ்விரண்டையும் ஒருசேர வைத்து எண்ணிப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் அக்காகித முகம் எவ்வாறு உருவாகிறது என்பதைப் பார்ப்போம். காகிதத்தில் செய்தது என்றவுடன், காகிதத்தை மடித்தோ வெட்டியோ செய்த விளையாட்டுப் பொருள் நம் நினைவுக்கு வரக்கூடும். அது வேறு, இது வேறு.

கைவினைஞர் ஒரு மரப்பலகையின்மேல் ஈரக் களிமண்ணை வைத்து முகத்தின் வடிவை எடுக்கிறார். நெற்றியின் வளைவும் கன்னத்தின் மேடும் மூக்கின் உயரமும் அதில் வந்துவிடும், நுணுக்கங்கள் வாரா. அம்மண் அச்சு வெயிலில் காய்ந்தபின் அதன்மேல் சலித்த சாம்பலைத் தூவுகிறார். இட்டலித் தட்டில் எண்ணெய் தடவுவது எதற்கோ அதற்காகத்தான் இச்சாம்பல். மேலே ஒட்டப் போகும் காகிதம் அச்சைப் பற்றிக்கொள்ளாமல் பின்னர் எளிதில் கழன்றுவர வேண்டும். அதன்பின் பழைய செய்தித்தாளும் எழுதித் தீர்ந்த பள்ளி நோட்டுத் தாளும் வருகின்றன. நீர்த்த பசையில் ஊறிய தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக எட்டு அடுக்கு, பத்து அடுக்கு என்று ஒட்டுகிறார். ஒவ்வொரு அடுக்கையும் விரல்நுனியால் அழுத்தி, இடையே காற்றுக் குமிழி தங்காதபடி நீவிவிட வேண்டும். குமிழி தங்கிய இடம் பின்னால் உப்பி வெடிக்கும்.

காகித அடுக்கு முடிந்ததும் மீண்டும் மண் வருகிறது. இம்முறை அது நுண்ணிய களிமண். புருவமும் இமையும் மூக்கு நுனியும் இதழ்களும் இம்மண்ணால்தான் எழுகின்றன. முதல் அச்சில் எல்லா முகமும் ஏறத்தாழ ஒரே முகம். இந்த இரண்டாம் மண்ணில்தான் சிவன் வேறு, அசுரன் வேறு என்று பிரிகின்றனர். இதற்கு மேல், குழைத்த களிமண்ணில் தோய்த்த மெல்லிய பழந்துணியைப் போர்த்துகிறார்கள். அது முகத்தின் மேடு பள்ளங்களோடு ஒட்டிப் படிந்ததும், மரத்தாலான ஒரு சிறு கருவியால் தேய்க்கத் தொடங்குகிறார்கள். தாபி என்பது அக்கருவியின் பெயர். தேய்க்கத் தேய்க்கத் துணியின் இழைகள் மறைந்து, மண் இறுகி, முகம் வழுவழுப்பாகிறது. பிறகு வெயில்.

காய்ந்த முகத்தை அச்சிலிருந்து பெயர்த்து எடுக்கும் நொடிதான் இவ்வேலையில் அஞ்சத்தக்கது. அவசரப்பட்டால் ஓரம் கிழியும். காலம் தாழ்த்தினால் நெளியும். பெயர்த்தபின் விளிம்புகளைச் செம்மை செய்து, கண்ணுக்கும் மூக்குக்கும் துளையிடுகிறார்கள். பின்னர் வெள்ளைப் பூச்சு, அதன்மேல் வண்ணம். சிவனுக்கும் கலைமகளுக்கும் வெண்மை, காளிக்குக் கருமை அல்லது நீலம், அசுரர்க்குக் கரும்பச்சையோ கறுப்போ என்று மரபு வகுத்திருக்கிறது. அசுரனுக்குக் கொழுத்த மீசையும் உருண்டு பிதுங்கிய விழியும் இன்றியமையாதவை. இறுதியாக மணியும் சரிகையும் இறகும் கொண்டு பெரியதொரு தலையணி கட்டப்படுகிறது. அத்தலையணி சில வேளைகளில் முகத்தைக் காட்டிலும் பன்மடங்கு பெரிதாக விரியும்.

தலையணி கட்டுமுன், வண்ணமும் ஏறுமுன், மெருகிட்டுக் காய்ந்த அம்முகத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் காகிதம் என்று சொல்ல மனம் வராது. சாம்பல் நிறமும் இறுக்கமும் வழுவழுப்பும் சேர்ந்து, யாரோ நதிக் கல்லில் செதுக்கி வைத்தது போன்றே இருக்கும். எடுத்தவுடன் கை ஏமாறும். ஏனெனில் கண் எதிர்பார்த்த கனம் அதில் இல்லை.

இக்கல்தன்மை எங்கிருந்து வருகிறது? மேற்பரப்பில் இருப்பது உண்மையிலேயே கல்தான் என்பதே விடை. களிமண் என்பது பாறை தேய்ந்து மிக நுண்ணிய துகளாகிப் படிந்தது. சுண்ணக்கட்டியும் அவ்வாறே பூமியில் படிந்து இறுகிய கல்வகை. இத்துகளைப் பசையோடு குழைத்துக் காகிதத்தின்மேல் பூசித் தேய்க்கும்போது, மெல்லியதொரு கல்தோல் உண்டாகிறது. உள்ளே காகிதமும் துணியும் நாராக நின்று இழுவிசையைத் தாங்குகின்றன. வெளியே மண் இறுகி நின்று அழுத்தத்தைத் தாங்குகிறது. நம் ஊர் மண்சுவரில் வைக்கோலைச் சேர்த்து மிதிப்பது எதற்காகவோ, அதே உத்திதான் இது. வெறும் மண் விண்டுபோகும். வெறும் காகிதம் நைந்துபோகும். இரண்டும் கூடினால் நிற்கும்.

இவ்வுண்மையைக் கண்டவர்கள் சரிதாவினர் மட்டும் அல்லர். வங்கத்தின் மண்சிலைக் கலைஞர்கள் புளியங்கொட்டையை அரைத்துக் காய்ச்சிய பசையில் சுண்ணக்கட்டித் தூளைக் கலந்து வெண்பூச்சாக இடுவது நெடுங்கால வழக்கம். ஒரிசாவின் ரகுராஜ்பூரில் பட்டசித்திரம் தீட்டுவோரும் அதே புளியங்கொட்டைப் பசையையும் அதே வெண்தூளையும் துணியில் பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றுகின்றனர். நம் தஞ்சாவூர் ஓவியத்திலும் பலகைமேல் துணி ஒட்டி, அதன்மேல் சுண்ணப் பூச்சிட்டுத் தேய்த்த பிறகே வண்ணமும் பொன் இழையும் ஏறுகின்றன. அத்தஞ்சாவூரிலேயே தலையாட்டிப் பொம்மைகள் காகிதக் கூழால் செய்யப்பட்டு வந்தமையும் நேயர்களுக்குத் தெரிந்ததே. கொலுப் படியில் நின்று தலையசைத்த அந்தச் செட்டியாரும் செட்டியாரம்மாவும் சரிதாவின் அசுரனுக்குத் தூரத்து உறவினர் எனலாம்.

வடக்கே காசுமீரத்தில் இக்கலை வேறொரு திசையில் வளர்ந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் அந்நாட்டை ஆண்ட சுல்தான் ஜைனுல் ஆபிதீன் நடு ஆசியாவிலிருந்து காகிதம் முதலிய தொழில்களில் வல்லவர்களை வரவழைத்து ஊக்கினார் என்பது மரபு. அங்கே காகிதக் கூழை அச்சில் இட்டு வடிவம் சமைப்பது ஒரு தொழில். அதற்குச் சக்தசாஜி என்று பெயர். அதன்மேல் பூவும் கொடியும் பறவையும் தீட்டுவது மற்றொரு தொழில், அது நக்காஷி. இவ்விரண்டுக்கும் இடையில், வெண்பூச்சு இட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கல்போல் ஆக்கும் பொறுமையான வேலை ஒன்று இருக்கிறது. பார்ப்பவர் கண்ணில் படுவது பூவும் பறவையுமே. எழுதுகோல் பெட்டியும் மைக்கூட்டுப் பெட்டியும் சால்வைப் பெட்டியுமாக அது பாரிசு நகரம் வரை சென்றது. இத்தொழிலுக்கு உலகம் முழுதும் இன்று வழங்கும் பாப்பியே-மாசே என்னும் பெயரும் பிரெஞ்சு மொழியினதே. மென்ற காகிதம் என்பது அதன் பொருள்.

காகிதத்தைக் கொண்டு கல்லையே நடிக்கவைத்த வரலாறு ஒன்று ஐரோப்பாவில் உண்டு. வடசெர்மனியில் மெக்லன்பர்க்-சுவெரின் என்னும் சிற்றரசு இருந்தது. அதன் கோமகன் பிரீடரிக், லூட்விக்ஸ்லுஸ்ட் என்னும் இடத்தில் 1772 முதல் 1776 வரை ஓர் அரண்மனை எழுப்பினார். பெரிய அரசர்களின் அரண்மனையைப் போலப் பளிங்கும் சிற்பமும் வேண்டும் என்ற ஆசை இருந்தது. அதற்கேற்ற பணம் இல்லை. எனவே அரண்மனை உள்ளே தூணின் மேலணிகளும் பூவேலைகளும் காகிதத்தால் செய்யப்பட்டன. தொடர்ந்து அங்கே ஒரு தொழிற்சாலையே அமைந்து, பண்டைக் கிரேக்க உரோம முகங்களையும் சமகாலப் பெரியோர் முகங்களையும் பளிங்குபோலத் தோன்றும்படி காகிதத்தில் வார்த்து விற்றது. அதற்கு மூலப்பொருளாய் அமைந்தவை அரசாங்க அலுவலகங்களில் கழித்துவிட்ட கோப்புகள் என்பர். வரிக்கணக்கு எழுதிய தாள் வீனஸ் தேவியின் கன்னமாயிற்று! எழுதிய குமாஸ்தா தம் கையெழுத்துக்கு இப்படி ஒரு நற்கதி வாய்க்கும் என்று கனவிலும் எண்ணியிருக்க மாட்டார். கோமகனுக்குப் பின்னும் தொடர்ந்த அத்தொழிற்சாலை 1835இல் மூடப்பட்டது. பளிங்கென்று மயங்கவைப்பதே அம்முகங்களின் வேலையாக இருந்தது. மயக்கத்தில் விருப்பம் குறைந்ததும் தொழிலும் முடிந்தது.

சரிதாவின் முகம் யாரையும் மயக்க வந்ததன்று. அதை மாட்டிக்கொண்டு ஒருவன் ஆட வேண்டும். அதுவும் அமைதியான ஆட்டம் அன்று. புருலியாவின் சௌ ஆட்டம் வீரம் செறிந்தது. தம்சா என்னும் பெருமுரசு முழங்க, ஷெனாய் ஒலிக்க, ஆடுவோர் விண்ணில் எழும்பிச் சுழன்று முழங்காலால் மண்ணில் விழுகின்றனர். குட்டிக்கரணம் இடுகின்றனர். கற்சிலையை முகத்தில் கட்டிக்கொண்டு எவரால் குதிக்க முடியும்? மரத்தில் செதுக்கினாலும் கழுத்து தாங்காது. அதே சமயம் விழுந்து எழும்போது உடையாத உறுதியும் வேண்டும். இலேசும் உறுதியும் ஒருங்கே வேண்டிய இடத்தில்தான் காகிதம் கல்லைத் தன் தோலாக அணிந்துகொண்டது.

இக்கலை சரிதாவுக்கு எப்போது வந்தது? பாக்முண்டியின் அரசர் மதன்மோகன் சிங் தேவ் காலத்தில், ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு முன், இங்கே குடியமர்த்தப்பட்ட சூத்ரதர் குடும்பங்களே இதைத் தொடங்கின என்பது ஊர் மரபு. ஊர் மரபை அப்படியே வரலாறாகக் கொள்ளல் ஆகாது. ஆயினும் இம்மரபுக்குத் துணை நிற்கும் காரணம் ஒன்று எனக்குப் புலப்படுகிறது. எட்டு அடுக்கு, பத்து அடுக்கு ஒட்டுவதற்குக் கழிவுத்தாள் மலிவாகக் கிடைக்க வேண்டும். கைக்காகிதம் அருமையாய் இருந்த காலத்தில் ஒரு மலையடிவாரச் சிற்றூரில் அது நடவாது. கல்கத்தாவை அடுத்த சேராம்பூரில் பாதிரிமார் காகிதம் செய்ய நீராவி எந்திரத்தை நிறுவியது 1820இல். டிட்டாகர் காகித ஆலை தோன்றியது 1882இல். ஆலைக் காகிதமும் செய்தித்தாளும் பள்ளிக்கூடமும் உள்நாட்டை எட்டிய காலமும் ஊரார் சொல்லும் காலமும் ஏறத்தாழ ஒன்றியே நிற்கின்றன. ஆகவே பழங்குடிக் கலை, பன்னூறாண்டுப் பழமை என்று இம்முகமூடியைப் புகழ்வோர் ஆட்டத்தின் பழமையையும் முகமூடியின் பழமையையும் குழப்புகின்றனர் என்பதே என் கருத்து. ஆட்டம் மிகப் பழையதாக இருக்கலாம். இன்று நாம் காணும் காகித முகம் அச்சு எந்திரத்துக்கு இளையது.

அம்முகத்தைச் செய்த கை அதைவிடப் பழையது. சூத்ரதர் என்ற சொல் கையில் நூல் பிடித்தவர் என்று பொருள்படும். அளவு நூல் பிடித்து மரம் அறுக்கும் தச்சர்க்கு வழங்கிய பெயர் அது. நம் விசுவகர்மரைப் போல, வங்கத்துச் சூத்ரதரும் மரம், கல், மண், சித்திரம் ஆகிய நான்கிலும் கைதேர்ந்தவர்கள் என்று சொல்லப்படுவர். வங்கத்தின் புகழ்பெற்ற சுடுமண் கோயில்களைக் கட்டியவர்களிலும் அவர்கள் உண்டு. கல்லுக்கும் மண்ணுக்கும் பழகிய ஒரு மரபுதான் காகிதத்தைக் கையில் எடுத்தபோது அதையும் கல்லாக்கிக் காட்டியது. வடமொழி நாடகத்தில் அரங்கை நடத்துவோனுக்கும் சூத்திரதாரன் என்றே பெயர். முகத்தைச் செய்பவனும் ஆட்டத்தை நடத்துபவனும் ஒரே சொல்லில் அடங்கியது தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும் பொருத்தமாய்த்தான் இருக்கிறது.

சரிதாவிலிருந்து தெற்கே சென்றால் சிங்பூம் பகுதியில் சராய்கேலா இருக்கிறது. ஜாம்ஷெட்பூரிலிருந்து அது சுமார் 40 கிலோமீட்டர்தான்; உருக்காலையில் பணிபுரியும் நம்மவர் பலர் அவ்வூர்ப் பெயரைப் பேருந்துப் பலகையிலேனும் படித்திருப்பர். முன்பு தனி சமஸ்தானம். 1948இல் இந்தியாவோடு இணைந்தபோது முதலில் ஒரிசாவிலும் அவ்வாண்டே பீகாரிலும் சேர்க்கப்பட்டு, 2000ஆம் ஆண்டுமுதல் ஜார்க்கண்டில் இருப்பது. அங்கேயும் சௌ உண்டு. அங்கேயும் முகமூடி உண்டு. ஆனால் இரண்டின் இயல்பும் வேறு. சராய்கேலாவில் அரச குடும்பத்தினரே ஆடினர். இளவரசர் விஜய் பிரதாப் சிங் தேவ் ஆட்டங்களைச் செப்பம் செய்தார்; 1938இல் அக்குழு ஐரோப்பாவுக்கும் சென்று ஆடியது.

சராய்கேலாவின் முகமூடி சிறியது. முகத்தோடு ஒட்டிப் பொருந்துவது. இளநிறம் பூசி நன்கு மெருகேற்றியது. கர்க்காய் ஆற்றின் களிமண்ணும் காகிதமும் மென்துணியும் கலந்து செய்த அம்முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. கடைந்தெடுத்த கல்லின் அமைதி அதில் உண்டு. மயில், படகோட்டி, இரவு என்னும் தலைப்புகளில் ஆடும்போது, அசையாத அம்முகத்துக்கு உயிர் கொடுப்பது கழுத்தின் ஒரு சாய்வும் தோளின் ஒரு திருப்பமுமே. நம் பரதநாட்டியத்தில் கண்ணும் புருவமும் பேசுகின்றன. அங்கே முகத்தை மூடிவிட்டதால் பாதம் பேசக் கற்றுக்கொண்டது. முகமூடிக்குள் மூச்சுவிடுவது எளிதன்று. ஆகவே ஓர் ஆட்டம் பெரும்பாலும் பத்து நிமிடத்தைத் தாண்டுவதில்லை. கலையின் அளவைக்கூட அந்தக் காகிதமே வரையறுத்துவிட்டது எனலாம்.

இனிக் கல்லின் கதைக்கு வருவோம். புருலியாவின் வடபகுதியில் தாமோதரத்தின் கரையில் தேல்குபி என்று ஒரு கோயில்நகர் இருந்தது. தொல்பொருள் துறையைச் சேர்ந்த பெக்லர் 1870களில் அங்கே சென்று கோயில்களை வரிசையாகக் குறித்தார். இருபதுக்கு மேற்பட்ட கோயில்கள். விடுதலைக்குப் பின் வெள்ளத்தைக் கட்டவும் மின்சாரம் பெறவும் தாமோதரப் பள்ளத்தாக்குத் திட்டம் எழுந்தது. அத்திட்டத்தில் பாஞ்சேத் அணை 1959 டிசம்பரில் தொடங்கிவைக்கப்பட்டது. பிரதமர் நேரு தாமே பொத்தானை அழுத்தாமல், அணையில் வேலை செய்த புத்னி என்னும் சந்தால் பெண்ணை அழுத்தச் செய்தார் என்பது பலர் அறிந்த செய்தி. அந்த அணை தேக்கிய நீரில் தேல்குபி மூழ்கியது. அணை தேவைதான், அதனால் விளைந்த நன்மையை மறுப்பவன் அல்லன் நான். ஆனால் ஆயிரம் ஆண்டு வெயிலையும் மழையையும் வென்று நின்ற கல் சில ஆண்டுகளில் நீருக்குள் போயிற்று. தொல்பொருள் அறிஞர் தேபலா மித்ரா அம்மூழ்கிய கோயில்களைப் பற்றித் தனிநூல் எழுதி 1969இல் வெளியிட்டார். கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது கோபுரம் ஒன்று தலைகாட்டும்.

அதே காலத்தில் சரிதாவின் திண்ணைகளில் செய்தித்தாள் பசையில் ஊறிக்கொண்டிருந்தது. இம்முகமூடிக்கு நெடிய ஆயுள் கிடையாது. சில பருவங்கள் ஆடினால் வியர்வையில் உட்புறம் நைகிறது, தலையணி சிதைகிறது, புதியது வாங்க வேண்டியதுதான். நிலையாமையே அதற்கு நிலைபேறாயிற்று. ஆண்டுதோறும் முகம் அழிவதால் ஆண்டுதோறும் முகம் செய்வோர் தேவைப்பட்டனர்; தகப்பன் கையிலிருந்து மகன் கைக்கு வேலை இறங்கியது. கல்லில் ஒருமுறை வடித்துவிட்டால் அடுத்த ஆயிரம் ஆண்டுக்குச் சிற்பிக்கு அங்கே வேலையில்லை. பாக்பிராவின் பைரவருக்குப் பூவிடுவோர் இன்றும் இருக்கின்றனர். அவ்வுருவத்தை மீண்டும் செய்யத் தெரிந்தவர் அவ்வூரில் இல்லை.

செய்தவர் பெயர் மட்டும் கல்லிலும் இல்லை, காகிதத்திலும் இல்லை. கற்சிலையில் அரசன் பெயரோ கொடையளித்தவன் பெயரோ இருக்கக் காண்கிறோம். உளிபிடித்தவன் பெயர் அரிது. முகமூடியில் கையெழுத்திடும் வழக்கமே கிடையாது. ஆட்டக்காரருக்கு ஓரளவு பெயர் கிடைத்தது. கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆசுதோஷ் பட்டாச்சார்யா புருலியாவின் சௌவை வெளியுலகுக்கு எடுத்துக்காட்டினார். கம்பீர் சிங் மூரா என்னும் ஆட்டக்காரர் 1981இல் பத்மசிறீ விருது பெற்றார். சரிதாவுக்குள் நுழைவோரை இன்று வரவேற்பது அவருடைய சிலையே. 2010இல் யுனெஸ்கோ நிறுவனம் சௌவை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2018இல் புருலியா முகமூடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. முகமூடி செய்யும் கைக்குப் பத்மசிறீ வந்தது 2024இல்தான். சரிதாவின் நேபாள் சந்திர சூத்ரதருக்கு அது வழங்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. சில மாதங்களுக்கு முன் மறைந்துவிட்டார். ஆட்டக்காரருக்கும் முகம் செய்தவருக்கும் இடையே நாற்பத்து மூன்று ஆண்டுகள்!

விருதைவிட உடனடியான கவலை ஒன்றும் உண்டு. அயோத்தியா மலைக்கு வரும் பயணிகள் பெருகியதால் சரிதாவின் தெருவில் முகமூடிக் கடைகள் பெருகின. வரவேற்பறைச் சுவரில் மாட்டுவதற்கென்று சிறிய முகங்கள் ஏராளமாய் விற்பனையாகின்றன. அதனால் அடுப்பு எரிகிறது. அதைப் பழிப்பது அறமன்று. ஆனால் சுவரில் தொங்கும் முகம் குதிக்க வேண்டுவதில்லை, மூச்சுவிட வேண்டுவதில்லை, கண்ணுக்குத் துளையும் வேண்டுவதில்லை. அடுக்குகளைக் குறைத்தாலும், துணியைத் தவிர்த்தாலும், மெருகிடுவதைச் சுருக்கினாலும் வாங்குபவர் கண்டுகொள்ளப் போவதில்லை. காகிதத்தைக் கல்லாக்கியது ஆட்டத்தின் தேவை. ஆட்டக்காரன் தலையில் ஏற்றி, ஆட்டிப் பார்த்து, காதோரம் இறுக்குகிறது என்றோ மூக்குத்துளை போதவில்லை என்றோ குறைசொல்லித் திருப்பித் தரும் வரையில்தான் அத்தொழிலுக்கு உண்மையான தேர்வாளன் இருக்கிறான். சரிதாவில் ஆட்டக்குழுக்களுக்கு முகம் செய்வோர் இன்றும் இருக்கின்றனர். வாங்கச் செல்லும் நம்மவர் கடைக்காரரிடம், ஆடுவதற்குரிய முகம் எது, சுவருக்குரிய முகம் எது என்று கேட்டு, இரண்டையும் திருப்பி உட்புறத்தைப் பார்த்தல் நலம். வேறுபாடு அங்கேதான் தெரியும். ஆடும் முகத்தின் உள்ளே துணியின் நெசவும், சில வேளை ஒரு பழைய செய்தித்தாளின் தலைப்பெழுத்தும் கண்ணில் படும்.

ஆட்டத்தையே காண விரும்புவோர் பங்குனி முடிந்து சித்திரை பிறக்கும் நாள்களில் செல்ல வேண்டும். நாம் புத்தாண்டுக்கு மாங்காய்ப் பச்சடியும் வேப்பம்பூவும் தேடி ஜாம்ஷெட்பூர்ச் சந்தையில் அலையும் அதே நாள்களில்தான் சராய்கேலாவில் சைத்ர பர்வம் நடைபெறுகிறது. புருலியாச் சிற்றூர்களில் சிவனுக்குரிய காஜன் விழா முடிந்து இரவெல்லாம் தம்சா ஒலிக்கிறது. ஆட்டம் பெரும்பாலும் பின்னிரவு வரை நீளும். திறந்த வெளி, பனி இராது, தரையில் அமர ஒரு விரிப்புக் கொண்டுபோவது போதும்.